சிறைச்சாலையைப் பட்டறையாக்கிய மேஜர் மெக்நேர்

கடந்த செமஸ்டர் விடுமுறையில், கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமனுக்கு ஒரு வேலை விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி என்று வேகமாக எழுதிக்கொண்டே போனேன். பற்றவைப்பு வேலையில், அதாவது வெல்டிங்கில், மாமாவிடம் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. அதையும் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பயிற்சி பெற்ற இடம் எது என்று கேட்டிருந்தார்கள். மாமா பேசவில்லை. அத்தை சமையலறைக்குப் போய்விட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடச் சொன்னார் மாமா. விட்டுவிட்டேன்.

அவர் அந்தத் தொழிலைக் கற்றது சிறையில். நான்கு ஆண்டுகள் உள்ளே இருந்தார். என்ன குற்றம் என்று இங்கே எழுதப் போவதில்லை. தண்டனையை முழுமையாக அனுபவித்துவிட்டு வந்திருக்கிறார், அது போதும். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அந்தக் காலிக் கட்டம் மனத்தில் இருந்த அதே வாரத்தில்தான் மேஜர் மெக்நேர் எனக்கு அறிமுகமானார். நான் பல்கலைக்கழகத்தில் கட்டுமானத் துறை படிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ்காரி என்பதால் செங்கல் பற்றிய இடுபணி என் தலையில் விழுந்தது. எங்கள் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. அத்தாப்பும் பலகையும் வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. காப்பித்தான் யாப் குவான் செங் நடத்திய சூளைகள் நகரத்துக்குச் செங்கல் கொடுத்தன. அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சரி, அதற்கு முன்பு இந்தப் பகுதியில் யார் செங்கல் அறுத்தார்கள் என்று பின்னோக்கித் தேடிப் போனேன். தேடல் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சூளைக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே செங்கல் அறுத்தவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள். அவர்களில் மதராஸ் மாகாணத்துத் தமிழர்களும் இருந்தார்கள். 1867இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் அந்தச் செங்கல்லுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்திருக்கிறது.

கைதிகள் அறுத்த செங்கல்லுக்குப் பதக்கமா என்று வியந்துதான் அந்தச் சிறையின் அதிகாரியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜான் ஃபிரடெரிக் அடால்ஃபஸ் மெக்நேர் 1828இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1853இல் அந்தப் படையோடு நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் சேர்த்து அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். பீரங்கிப் படைக்காரர்களுக்குக் கணக்கும் பொறியியலும் தெரியும் என்பதால் அவர்களைக் கட்டுமான வேலைகளுக்கும் பயன்படுத்துவது கம்பெனியின் வழக்கம். மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு நன்றாகப் பேசினார். 1850களின் இறுதியில் சிங்கப்பூரின் நிர்வாகப் பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் ஆனார்.

இரண்டு பதவியும் ஒரே ஆளுக்கு. இந்த இடத்தைக் கவனியுங்கள். சாலை போடுவது, பாலம் கட்டுவது, அரசாங்கக் கட்டடம் எழுப்புவது ஒருவரின் பொறுப்பு; அந்த வேலைக்கான ஆட்களோ அவருடைய சிறைக்குள் இருக்கிறார்கள். கம்பெனிக்கு இது இலாபக் கணக்கு. சம்பளம் இல்லாத வேலையாட்கள். மெக்நேரைப் பற்றி நல்லதாக எதைச் சொல்வதற்கு முன்னும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் இந்த முறையை உருவாக்கியவர் அல்லர். இந்தியக் கைதிகளைப் பினாங்குக்குக் கொண்டுவருவது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. சுமத்ராவின் பென்கூலனிலும் கம்பெனி ஒரு கைதிக் குடியிருப்பை வைத்திருந்தது. 1824இல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டுப் பகுதிகளை மாற்றிக்கொண்டபோது பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த கைதிகளைக் கப்பலேற்றினார்கள். 1825 ஏப்ரல் 18 அன்று முதல் கூட்டம் சிங்கப்பூரில் இறங்கியது. எண்பது பேர், எல்லாரும் மதராஸ் மாகாணத்துக் கைதிகள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். ராபிள்ஸ் வந்து ஆறே ஆண்டுகள் ஆன ஊர் அது. காடும் சதுப்பும்தான் அதிகம்.

கடல் கடந்து போனால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம். ஆயுள் தண்டனை என்றால் ஊரை இனிப் பார்க்கவே முடியாது என்று பொருள். கறுப்புத் தண்ணீர் என்று அந்தத் தண்டனைக்குப் பெயர். தூக்குமேடையைவிட இதற்குத்தான் மக்கள் அதிகம் பயந்தார்கள் என்று ஆட்சியாளர்களே நம்பினார்கள். நாம் தோட்டத்துப் பாட்டன்மார்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம், நாடகம் போடுகிறோம். இரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே காலில் விலங்கோடு வந்திறங்கிய இவர்களைப் பற்றித் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் மலாய் இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகளும் படித்த நான் ஒரு வரிகூடக் கேள்விப்பட்டதில்லை.

தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது வெறும் உடலுழைப்பு வேலை. காட்டை வெட்டு, சதுப்பை நிரப்பு, கல்லை உடை. 1840களில் கேப்டன் ஹென்றி மேன் என்ற கண்காணிப்பாளர் வந்த பிறகு சிறைக்குள்ளேயே தொழில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் ஆளுநர் பட்டர்வொர்த் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கும் விதிகளைக் கொண்டுவந்தார். மெக்நேருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ரொனால்ட் மெக்ஃபர்சன், சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை வரைந்தவர். இவர்கள் போட்டு வைத்த அடித்தளத்தின்மேல்தான் மெக்நேர் வந்து நின்றார். ஆனால், சுமார் பதினைந்து ஆண்டுகள் அந்த முறையை நடத்தி, விரிவாக்கி, கடைசியில் அதை எழுதியும் வைத்தவர் அவர்தான்.

அந்த ஆறு வகுப்புகளைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் பள்ளிக்கூடத்து வகுப்பு போலவே மேலே ஏறலாம், கீழேயும் இறக்கிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் நான்காம் வகுப்பில் நுழைவார். காலில் விலங்கு இருக்கும். ஒழுங்காக நடந்துகொண்டால் மூன்றாம் வகுப்பு. அங்கே விலங்கு கழன்றுவிடும். சாலை வேலை, கட்டுமான வேலை, பட்டறை வேலை. இரண்டாம் வகுப்புக்குப் போகிறவர் தண்டலாகவோ பியூனாகவோ ஆகி மற்றக் கைதிகளை மேற்பார்ப்பார், அல்லது மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வார். முதல் வகுப்பு என்றால் வெளியே வாழ அனுமதிச் சீட்டு. சொந்தமாகத் தொழில் செய்யலாம், சம்பாதிக்கலாம், குடும்பம் நடத்தலாம். குறித்த நாளில் வந்து ஆஜர் கொடுத்தால் போதும். ஐந்தாம் வகுப்பு தப்பியோடியவர்களுக்கும் அடங்காதவர்களுக்கும். ஆறாம் வகுப்பு முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும்.

ஒரு காலகட்டத்தில் சிங்கப்பூர்ச் சிறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். அவர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் கைதிகளே. வெளியிலிருந்து சம்பளத்துக்கு வார்டர்களை வைப்பது படிப்படியாகக் குறைந்தது. கொலைக் குற்றத்துக்காக வந்த ஒருவர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பித்தளை வில்லை அணிந்துகொண்டு ஐம்பது பேரை வேலைக்கு அழைத்துப் போய்ச் சாயங்காலம் எண்ணிக்கை குறையாமல் திரும்ப அழைத்து வருகிறார் என்று கற்பனை செய்து பாருங்கள். நாளைக்கு நானும் அந்த இடத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கைதான் அங்கே மதிலைவிடப் பெரிய காவல் என்பது மெக்நேரின் கருத்து. பிராஸ் பாசா சாலையில் இருந்த அந்தச் சிறையின் கட்டடங்களைக் கட்டியவர்களும் கைதிகள்தான்.

இப்போது பட்டறைக்கு வருவோம். நான் மிகவும் இரசித்துப் படித்த பகுதி இது.

செங்கல் அறுப்பவர், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்பவர், கொத்தனார், தச்சர், கொல்லர், கல்தச்சர், வர்ணம் பூசுபவர், தையற்காரர், நெசவாளர், பிரம்பு முடைபவர் என்று சிறைக்குள் ஒரு சிற்றூரே இயங்கியது. கைதிகள் உடுத்திய துணியைக் கைதிகளே நெய்தார்கள். புலாவ் ஊபினில் கருங்கல் உடைத்தார்கள். அச்சகமும் இருந்தது. மெக்நேர் புகைப்படக் கலையில் ஆர்வம் கொண்டவர். அந்தக் காலத்தில் அது இன்றைய ட்ரோன் போல ஒரு புதுமை. அடையாளத்துக்காகக் கைதிகளைப் படம் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். அந்தக் கலையையும் சில கைதிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கைதியைக் கைதியே படம் எடுத்தார்.

வந்தவர்களில் முன்பே தொழில் தெரிந்தவர்களும் இருந்தார்கள், ஏர் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் அறியாதவர்களும் இருந்தார்கள். தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்த்துவிடுவார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே பாடம். கை பழகப் பழகப் பெரிய வேலை. மேல் வகுப்புகளுக்குப் போனவர்களுக்குச் சிறு தொகை கையில் கிடைத்தது. எங்கள் விரிவுரையாளர்கள் இன்று தொழிற்கல்வி பற்றிச் சொல்கிற பாதி விஷயங்கள், பயிற்சியைப் பணியிடத்திலேயே கொடு, முதிர்ந்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்பதெல்லாம், அந்தச் சிறையில் பேச்சில்லாமல் நடந்துகொண்டிருந்தன.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856இல் தொடங்கி 1860களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன் சுவர்களின் உட்பூச்சுக்கு மதராஸ் சுண்ணம் என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்து அடிப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். பளிங்குபோல் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிங்கப்பூரின் ஆங்கிலேயர் தேவாலயத்துச் சுவருக்குள் தென்னிந்தியக் கொத்தனாரின் கைமருந்து இருக்கிறது. அந்தக் கை கைதியின் கை. இதைப் படித்த அன்று நான் இடுபணியை மறந்துவிட்டு இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன்.

மெக்நேரே வரைந்து கட்டிய பெரிய கட்டடம் ஆளுநர் மாளிகை. 1867இல் தொடங்கி 1869இல் முடித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் சிங்கப்பூருக்கு வந்தபோது அங்கேதான் தங்கினார். செங்கல் முதல் செதுக்குவேலை வரை கைதிகளின் உழைப்பு அதில் இருக்கிறது. இன்று அதை இஸ்தானா என்கிறார்கள். சிங்கப்பூர் அதிபரின் அதிகாரப்பூர்வ மாளிகை. பெருநாள் காலங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அடுத்த முறை யாராவது போனால் சுவர் அருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள் ஊரோடு கலந்தார்கள். மாட்டுவண்டி ஓட்டினார்கள், பசு வளர்த்துப் பால் விற்றார்கள், கடை வைத்தார்கள், கற்ற தொழிலைச் செய்தார்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஆள் கிடைக்காத ஊர். யாரிடம் கற்றாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாலையையும் பாலத்தையும் இவர்கள் கட்டுவதை ஊரே நின்று பார்த்திருக்கிறது. செய்த வேலை தெருவில் நின்றது, அதுவே சான்றிதழ்.

இந்த இடத்தில்தான் எனக்கு மாமாவின் காலிக் கட்டம் நினைவுக்கு வந்தது. அவர் பற்றவைத்த இரும்புக் கதவும் கட்டிலும் எங்கேயோ இருக்கின்றன. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. சிறையிலிருந்து வந்த முதல் ஆண்டில் மூன்று இடங்களில் நேர்காணலுக்குப் போனார். இரண்டு இடங்களில் அவர் பற்றவைத்துக் காட்டிய தையல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எங்கே கற்றது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு பாராட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு உண்மையைச் சொல்வதை அவர் விட்டுவிட்டார். கிடைத்த கூலி வேலைக்குப் போனார்.

ஆனால், மெக்நேரைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாராக இல்லை. அந்தப் பட்டறையில் கற்றவர்கள் கற்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர்கள். பயிற்சி கொடுத்ததற்கு அரசாங்கத்தின் தேவை ஒரு பெரிய காரணம். ஊரில் கைவினைஞர் பஞ்சம். கூலி கொடுத்துச் சீனக் கொத்தனாரை வைப்பதைவிடக் கைதியைப் பழக்குவது மலிவு. ஆளுநருக்கு மாளிகை வேண்டும், மகாராணியின் மகனுக்குப் படுக்கையறை வேண்டும். கட்டியவர்கள் திரும்பப் படுத்துக்கொண்டது மதிலுக்குள். மெக்நேரின் பெயரில் சிங்கப்பூரில் ஒரு சாலை இருக்கிறது. சூளையில் செங்கல் அறுத்தவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. அவர் எழுதிய நூலிலும் நாம் கேட்பது முழுக்க அதிகாரியின் குரல்தான்.

ஆனாலும், அவர் காலத்து மற்றச் சிறைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. அப்போது இங்கிலாந்தில் ஒரு கருத்து வலுத்துக்கொண்டிருந்தது. சிறை உழைப்பு பயனற்றதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது தண்டனை என்றார்கள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பொறி இருந்தது. அது எதையும் அரைக்காது, எதையும் இறைக்காது, சும்மா சுற்றும். பீரங்கிக் குண்டை ஓர் இடத்திலிருந்து தூக்கி இன்னோர் இடத்தில் வைத்து, மறுபடி பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். நாள் முழுக்க அதுதான் வேலை. தனியறைகளில் பேச்சில்லாமல் அடைத்துவைத்தார்கள். இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் நார்ஃபோக் தீவில் அலெக்சாண்டர் மகோனோக்கி 1840 முதல் நான்கு ஆண்டுகள் மதிப்பெண் முறையை நடத்திப் பார்த்தார். உழைப்பாலும் நடத்தையாலும் கைதி தன் விடுதலையைத் தானே சம்பாதிக்கலாம் என்றார். மேலிடத்துக்குப் பிடிக்காமல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் அதே போன்ற எண்ணம் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. அரசாங்கத்துக்கு அதனால் கட்டடங்கள் கிடைத்தன என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதுவும் நிலைக்கவில்லை. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தபோது சிங்கப்பூரின் ஐரோப்பியர்கள் நடுங்கினார்கள். ஊருக்குள் இத்தனை இந்தியக் கைதிகளா, அதுவும் காவலுக்குக் கைதிகளே நிற்கிறார்களா என்ற பேச்சு கிளம்பியது. கலகம் எதுவும் நடக்கவில்லை. ஆனால், எங்கள் ஊரைக் குப்பைத் தொட்டியாக்காதீர்கள் என்ற குரல் ஓயவில்லை. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசிடமிருந்து பிரிந்து நேராக லண்டனின் கீழ் வந்தன. மெக்நேர் குடியேற்றங்கள் முழுமைக்கும் பொறியாளரானார். இந்தியக் கைதிகளை இனி இங்கே வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை என்று ஆகிவிட்டது. 1873இல் கைதிகள் இலாகாவை மூடினார்கள். தண்டனைக் காலம் மீதமிருந்தவர்களை அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள். கை பழகிய கொத்தனார்களும் தச்சர்களும் இன்னொரு தீவுக்குப் போனார்கள்.

உள்ளூர்க் குற்றவாளிகளுக்கான சிறையில் அந்த ஆண்டுகளில் இங்கிலாந்துப் பாணி கடும் தண்டனை முறை வந்தது. சுற்றும் பொறியும் குண்டு தூக்குவதும் வந்தன. 1875இல் அந்தச் சிறையில் கலகம் வெடித்து, கண்காணிப்பாளர் டிக்பி டென்ட் கொல்லப்பட்டார்.

மெக்நேரின் மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடைநிலைப்பள்ளியில் 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தைப் படிக்காதவர்கள் நம்மில் இல்லை. அந்தச் சமயத்துப் பேராக் விவகாரங்களுக்காக அனுப்பப்பட்ட அதிகாரிகளில் மெக்நேரும் ஒருவர். 1878இல் பேராக்கையும் மலாய்க்காரர்களையும் பற்றி ஒரு தடித்த நூலை வெளியிட்டார். பிறகு பினாங்கின் நிர்வாகத்தைக் கவனித்தார். 1884இல் ஓய்வுபெற்று நாடு திரும்பினார்.

ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1899இல், பெய்லிஸ் என்ற பழைய சக அதிகாரியோடு சேர்ந்து இன்னொரு நூலை எழுதினார். கைதிகளே தங்களுக்குக் காவலர்கள் என்று பொருள்படும் தலைப்பு. இலாகா மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, கேட்க ஆளில்லை, பதவி உயர்வும் இல்லை. எழுபது வயதில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஆறு வகுப்புகளையும் சூளையையும் சுண்ணச் சாந்தின் கலவையையும் ஏன் விலாவாரியாக எழுத வேண்டும்? இழுத்து மூடியது தவறு என்று அவருக்குக் கடைசிவரை உறுத்தியிருக்கிறது. தொழில் கற்ற கைதிகள் வெளியே போய் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் அவர் தன் முறைக்குச் சாட்சியாக முன்வைக்கிறார். 1910இல் எண்பதைத் தாண்டிய வயதில் இறந்தார்.

அவருடைய நூலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நம் மொழியில் யாராவது கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். குறிப்புகளோடு கொண்டுவர வேண்டும், அப்படியே நம்பிவிடக் கூடாது.

கோலாலம்பூரில் புடு சிறைச்சாலை இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அம்மா ஒன்று சொல்வார். மதில் முழுக்கக் கைதி வரைந்த ஓவியம் இருக்குமாம். பேருந்தில் போகும்போது எட்டிப் பார்ப்பார்களாம். 1891 முதல் 1895 வரை கட்டிய சிறை அது. நான் பார்த்த நாளில் நுழைவாயில் மட்டும் நின்றது, பின்னால் கடைத்தொகுதி. இன்று காஜாங்கிலும் மற்ற இடங்களிலும் சிறைக்குள்ளேயே பள்ளிகள் உண்டு, எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறார்கள், பட்டறைகள் இருக்கின்றன, ரொட்டி சுடுவதிலிருந்து மரச்சாமான் செய்வதுவரை கற்றுக்கொடுக்கிறார்கள். தேர்வு முடிவு வரும் நாளில் அவர்களின் படமும் நாளிதழில் வரும், முகத்தை மறைத்து. மாமாவுக்குக் கற்பித்த ஆசிரியர் மிகவும் பொறுமைசாலியாம். முதல் ஆறு மாதம் மாமாவின் தையல் புழு நெளிந்ததுபோல் இருக்குமாம், அவர் ஒருநாளும் திட்டியதில்லையாம். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி மாமா விரும்பிப் பேசும் ஒரே விஷயம் இது. உள்ளே கற்றுக்கொடுப்பதில் நாம் 1860களைவிட எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். மதிலுக்கு வெளியே அந்தக் கையை வாங்கிக்கொள்வதில் முன்னேறியிருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இடுபணியைச் சமர்ப்பித்த பிறகு கிள்ளானுக்கு கொமுட்டர் ரயிலில் போனேன். மாமாவிடம் மெக்நேர் கதையை முழுவதும் சொன்னேன். வெள்ளிப் பதக்கம் அவரைக் கவரவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்தால் சுண்ணாம்பு எப்படி இறுகும் என்று விசாரித்தார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வில்லை அணிந்த கைதிக் காவலரைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். அவர்களில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பினார்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் இங்கேயே இறந்துபோனார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பழைய பாரத்துக்குப் பதில் வரவே இல்லை. புதிதாக ஒரு பாரம் மேசைமேல் இருந்தது, மேருவில் ஒரு சிறிய இரும்புப் பட்டறை. வழக்கம்போல நான்தான் எழுதினேன். பயிற்சி பெற்ற இடம் என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். மாமா பேனாவை என்னிடமிருந்து வாங்கினார். அந்த ஒரு வரியை மட்டும் தன் கையெழுத்திலேயே, பெரிய எழுத்தில், ஊர்ப் பெயரோடு எழுதினார். எழுதி முடித்ததும், மலாயில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று என் பக்கம் தள்ளினார். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.